புளியும் திருநீறும் பட்ட காசுகள்

மலேசியாவின் உலு திராமில் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப் போகும் வேன்கள் நிறைய உண்டு. அவற்றில் ஒன்றுக்கு மட்டும் மணல் லாரிக்காரர்கள்கூட வழிவிட்டு நிற்பார்கள். அதை ஓட்டுகிறவர் வெள்ளையம்மா. ஐம்பத்தாறு வயது. கறுப்புக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை, கழுத்தில் ஒரு சின்னத் துண்டு. யாராவது பின்னால் இருந்து ஹாரன் அடித்தால் கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பார். அதோடு ஹாரன் நின்றுவிடும்.

கணவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டவர். ஒருநாள் திரும்பி வந்து கேட்டுக்கு வெளியே நின்றார். வெள்ளையம்மா கேட்டைத் திறக்கவில்லை. "வீடும் எம்பேர்ல, வேனும் எம்பேர்ல. உங்க பேர்ல இங்க என்னா இருக்கு, சொல்லுங்க" என்றார். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் போய்விட்டார். ஒரே மகள் லோஷினியை அந்த வேனை ஓட்டித்தான் படிக்க வைத்தார், பொந்தியான் ஊர்ப் பையன் ரூபேந்திரனுக்குக் கட்டிக்கொடுத்தார்.

இப்படிப்பட்ட ஒரு பெண்மணி வெள்ளிக்காசு சேர்க்க ஆரம்பித்தது ஒரு கோபத்தில்தான்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் சில பிள்ளைகளை ஓவியப் போட்டிக்காக ஜொகூர் பாருவில் ஒரு பேரங்காடிக்கு ஏற்றிப் போயிருந்தார். போட்டி முடியும்வரை குளிர்சாதனக் காற்றில் நடந்துகொண்டிருந்தவர், கீழ்த்தளத்தில் நாணயக் கண்காட்சி நடப்பதைப் பார்த்தார். ஒரு மேசையில், கறுப்பு வெல்வெட் பெட்டிக்குள், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளிக்காசு. ஏதோ பசிபிக் தீவு நாட்டின் பெயரில் அடித்தது. ஒரு ஆமை நீந்துகிறது. அதைச் சுற்றியிருந்த இடம் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. குனிந்தால் வெள்ளையம்மாவின் மூக்கே அதில் தெரிந்தது.

மேசைக்குப் பின்னால் இருந்தவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மலாயில் சொன்னார்: "அக்கா, வெள்ளிக் கொலுசு, சங்கிலி எல்லாம் மேல்மாடிக் கடையில. இது போட்டுக்குற சாமான் இல்ல. காசு சேர்க்குற கலெக்டருங்க வாங்குறது."

"நான் கலெக்டர் இல்லேன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் வெள்ளையம்மாவைச் சுட்டது. "உலகத்துலேயே ஐந்நூறு காசுதான் அடிச்சிருக்காங்க அக்கா. நம்பர் போட்ட சர்டிபிகேட் இருக்கு. விலை அதிகம்" என்றார், வழியனுப்புகிற குரலில்.

புது வாஷிங் மெஷின் வாங்க வைத்திருந்த பணம் கைப்பையில் இருந்தது. அதை எடுத்து மேசைமேல் வைத்தார். அடுத்த நாலைந்து மாதம் துணி எல்லாம் கையால்தான் துவைத்தார். முதுகு வலிக்கும்போதெல்லாம் ஆமையை எடுத்துப் பார்ப்பார். "ஐந்நூறு பேர்ல ஒருத்தி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். பள்ளிக்கூடம், தொழிற்சாலை, தாமான் குடியிருப்பு வீடு என்று எல்லாமே ஆயிரக்கணக்கில் ஒரே அச்சில் இருக்கும் ஊரில், உலகத்தில் ஐந்நூறு பேர் கையில் மட்டுமே இருக்கும் ஒன்று தன் கையில் இருப்பது அவருக்குப் பிடித்துப்போனது.

அதன்பிறகு ஒரு கொள்கை வைத்துக்கொண்டார். ஆயிரத்துக்குக் குறைவாக அடிக்கப்பட்ட வெள்ளிக்காசாக இருந்தால்தான் வாங்குவார். வாங்கியதை விற்க மாட்டார். ஒளித்தும் வைக்க மாட்டார். மற்ற வீடுகளில் பட்டமளிப்புப் படமும் கோப்பைகளும் இருக்கும் கண்ணாடி அலமாரியில் வெள்ளையம்மா வீட்டில் காசுகள் நின்றன. ஒவ்வொன்றும் வட்டமான பிளாஸ்டிக் மூடிக்குள், பக்கத்தில் அதன் சான்றிதழோடு. உறவுக்காரர்கள் வந்தால், "அந்தக் காசுக்குத் தங்கம் வாங்கியிருந்தா எங்கயோ போயிருப்பே" என்பார்கள். "தங்கம் எல்லாருகிட்டயும் இருக்கு" என்பார் வெள்ளையம்மா.

நாணயச் சங்கத்திலும் சேர்ந்தார். முதல் கூட்டத்திலேயே செயலாளர் காளிதாஸ், "நம்ம வெள்ளையம்மா அடுத்த கூட்டத்துக்குக் கறிபாப் பலகாரம் கொண்டு வருவாங்க" என்று அறிவித்தார். காளிதாஸ் இன்சூரன்ஸ் முகவர். எல்லாரையும் தோளில் தட்டிப் பேசுகிறவர். வெள்ளையம்மா எழுந்து, "கறிபாப் கடையில கிடைக்கும். நான் காசு கொண்டு வரேன்" என்றார். நாசி கண்டார் சோற்றுக்கடைக்காரர் ருக்னுதீன் மட்டும் வாய்விட்டுச் சிரித்தார். அவர் பழைய மலாயாக் காசுகள் சேர்ப்பவர். அன்றிலிருந்து அவர்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலிதான்.

ஒன்பது வருஷத்தில் பதினான்கு காசுகள் சேர்ந்தன. இதற்கிடையில் ஆமைக்காசு மெல்ல நிறம் மாறியது. மூடிக்குள்ளேயே, ஓரத்தில் இருந்து, மழைக்குப் பிறகு தார் ரோட்டில் எண்ணெய் படர்ந்த மாதிரி நீலமும் பொன்னும் ஏறிக்கொண்டு வந்தது. நல்ல காசுக்கு இயற்கையாக வரும் நிறம் அது என்றும், அதற்காகவே தேடி வாங்குவார்கள் என்றும் ருக்னுதீன் சொன்னார். வெள்ளையம்மாவுக்கு அந்த விவரமெல்லாம் தேவைப்படவில்லை. தன் வீட்டுக்கு வந்து, தன் கூரைக்குக் கீழே அது எடுத்துக்கொண்ட நிறம் என்று நினைத்துக்கொள்வார்.

இந்த வருஷம் பொங்கலுக்கு லோஷினியும் ரூபேந்திரனும் வந்தார்கள். கூடவே ரூபேந்திரனின் அம்மா பிரேமலாவும் வந்தார். பிரேமலா பொந்தியானில் ஒரு பள்ளி கேண்டீனில் நெடுங்காலம் சமைத்தவர். ஒரு நிமிஷம் சும்மா உட்காரத் தெரியாதவர். வந்த அன்றே ஜன்னல் திரைகளைக் கழற்றித் துவைத்துவிட்டார். வெள்ளையம்மா தடுக்கவில்லை. தன் வீட்டில் இன்னொரு பெண் உரிமையாக வேலை செய்வது அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பொங்கலுக்கு முந்தின நாள் பள்ளி உண்டு. வெள்ளையம்மா மதிய ஓட்டத்தை முடித்துக்கொண்டு, கரும்பு இரண்டு கட்டு வாங்கி வேனில் போட்டு வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே பிரேமலா காத்திருந்தார். கை இரண்டும் புளித்தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தன.

"வாங்க சம்பந்தி, வந்து பாருங்க. கண்ணு கூசும்!"

சாமி மேடையில் ஒரு பித்தளைத் தாம்பாளம். அதில் மஞ்சள் தடவிய அரிசி. அரிசிமேல் வட்டமாக அடுக்கிய பதினொரு வெள்ளிக்காசுகள். விளக்கு வெளிச்சத்தில் எல்லாம் பளபளவென்று மின்னின. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு குங்குமப் பொட்டு.

"ஓரமெல்லாம் கறுத்துப்போய் கெடந்துச்சு சம்பந்தி. பாவம், வேன், வேலைன்னு இவங்களுக்கு எங்க நேரம்னு நெனைச்சேன். மூடியைக் கத்தியால நெம்பி எடுத்தேன். மொதல்ல புளி, அப்புறம் திருநீறு. இடுக்குல எல்லாம் பிரஷ் போட்டேன். மூணு காசுதான் மூடியே திறக்க மாட்டேங்குது, இல்லேன்னா அதையும் முடிச்சிருப்பேன்."

வெள்ளையம்மா ஆமைக்காசை எடுத்தார். நீலமும் இல்லை, பொன்னும் இல்லை. கண்ணாடி மாதிரி இருந்த இடத்தில் வட்ட வட்டமாக மெல்லிய கோடுகள், சபீனா போட்டுத் தேய்த்த எவர்சில்வர் தட்டில் இருப்பதைப் போல. குனிந்து பார்த்தார். மூக்கு தெரியவில்லை, ஏதோ நிழல் மாதிரி தெரிந்தது.

காசைத் திரும்ப அரிசியில் வைத்தார். வெளியே போய் வேனில் ஏறி, கதவைச் சாத்தி, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். லோஷினி ஓடி வந்து கண்ணாடியைத் தட்டினாள்.

"அம்மா! என்னாச்சு?"

கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கினார். "உங்க அத்தை நல்ல மனுஷி. இப்ப நான் உள்ள வந்தா ஏதாவது சொல்லிருவேன். அதனால இங்கயே இருக்கேன். நீ போ."

லோஷினி உள்ளே போய் விஷயத்தைச் சொன்னாள். பிரேமலா முதலில் நம்பவில்லை. "துலக்குனா கெட்டுப்போகுமா? வெள்ளியை யாராச்சும் துலக்காம வைப்பாங்களா?" என்று கேட்டார். பிறகு அழுதார். வேனுக்கு வந்து, "அதே மாதிரி எங்க கிடைக்கும்னு சொல்லுங்க, என் வளையலை வச்சாவது வாங்கித் தரேன்" என்றார்.

"அதே மாதிரி கிடைக்காது சம்பந்தி. அதுக்காகத்தான் வாங்குனேன்" என்றார் வெள்ளையம்மா.

குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். ஆனால் அதைவிடத் திட்டியிருந்தால் பிரேமலாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மறுநாள் பொங்கல் பொங்கியது. எல்லாரும் சாப்பிட்டார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அன்று சாயங்காலமே பிரேமலா பொந்தியானுக்குக் கிளம்பிவிட்டார். போகும்போது லோஷினி அம்மாவிடம், "பெரியவங்க நல்லதுக்குச் செஞ்சாங்கம்மா. ஒரு வார்த்தை, 'பரவால்ல'ன்னு சொல்லக்கூடாதா? வெறும் காசுதானே?" என்றாள்.

"பரவால்லன்னா சொல்லியிருப்பேன். பரவால்ல இல்லையே" என்றார் வெள்ளையம்மா.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பதினொரு காசுகளையும் ஒரு பிஸ்கட் டின்னில் துணி விரித்து வைத்து, தாமான் பெலாங்கியில் இருந்த காளிதாஸின் அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்கத்தான் போனார். காளிதாஸ் பூதக்கண்ணாடியை எடுத்து ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பார்த்தார்.

"அலமாக்! செத்துப்போச்சு வெள்ளையம்மா. கலெக்டர் காசுன்னு இதை இனி சொல்ல முடியாது. உருக்குனா வெள்ளி விலை வரும், அவ்வளவுதான்."

வெள்ளையம்மா டின்னை மூடப் போனார். காளிதாஸ் அவர் கையைத் தடுத்தார். கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"சும்மா ஒரு யோசனை சொல்றேன். புது மூடி வாங்கிப் போடுங்க. சர்டிபிகேட் எல்லாம் பத்திரமா இருக்குல்ல? போனில படம் எடுத்தா இந்தக் கோடு தெரியாது. லைட்டை நேரா அடிச்சா போதும். ஆன்லைன்ல புதுசா சேர்க்குற சின்னப் பையனுங்க நிறைய இருக்கானுங்க. ஐந்நூறுதான் அடிச்சதுன்னா கண்ணை மூடிக்கிட்டு வாங்குவானுங்க. நானே வித்துத் தரேன்லா."

"வாங்கின பெறகு பார்த்தா தெரியாதா?"

"ஒருத்தன் கண்டுபிடிச்சா அவன் இன்னொருத்தன் தலையில கட்டுவான். இதெல்லாம் இந்தச் சந்தையில நடக்குறதுதான். உங்களுக்கு மட்டும் புதுசா நடக்குதா?"

வெள்ளையம்மா டின்னை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். தெப்ராவ் நெடுஞ்சாலையில் வழக்கம்போல் நெரிசல். வண்டிகள் நகராமல் நின்ற நேரத்தில் அவர் மனத்தில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. நடந்தது வெறும் தவறு. பிரேமலா தெரியாமல் செய்தது. ஆனால் இந்தக் காசுகள் இனி யார் கைக்குப் போனாலும் அங்கே ஒரு பொய்யாகத்தான் போகும். தான் விற்க மாட்டார், சரி. தனக்குப் பிறகு லோஷினி விற்பாள். வெறும் காசுதானே என்று இதே காளிதாஸிடமே கொடுப்பாள். யாரோ ஒரு பெண், வாஷிங் மெஷின் வாங்க வைத்திருந்த பணத்தைக் கொடுத்து இதை வாங்கிக்கொண்டு போவாள்.

வீட்டுக்கு வந்ததும் சான்றிதழ்களை மேசையில் பரப்பினார். தடித்த காகிதம், பொன் எழுத்து, எண், கையெழுத்து. அழியாத மை பேனா ஒன்றை எடுத்தார். பதினொரு சான்றிதழின் முகப்பிலும், நடுவில், பெரிய எழுத்தில் எழுதினார்: "துலக்கப்பட்டது." கீழே மலாயிலும் ஆங்கிலத்திலும் அதையே எழுதினார். கை ஒரு இடத்திலும் தயங்கவில்லை. அப்படி எழுதிய பிறகு அந்தக் காசுகளை நல்ல காசென்று யாரும், எப்போதும் விற்க முடியாது. அவரே நினைத்தாலும் முடியாது.

மார்ச்சில் சங்கத்தின் வருடாந்தரக் கண்காட்சி வந்தது. அதே பேரங்காடி, அதே கீழ்த்தளம். வெள்ளையம்மா ருக்னுதீனிடம் போனார்.

"பாய், உங்க மேசையில பாதி வேணும்."

"எதுக்குக்கா? நீங்கதான் விக்கவே மாட்டீங்களே?"

விஷயத்தைச் சொன்னார். ருக்னுதீன் தாடியைத் தடவிக்கொண்டார். "எனக்கும் வம்பு வரும், தெரியுமில்ல?"

"வரும்."

"சரி, இடது பக்கம் எடுத்துக்குங்க. வலது பக்கம் ஃபேன் இருக்கு, அது எனக்கு."

கண்காட்சி அன்று காலை வெள்ளையம்மா நல்ல பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தார். பதினொரு காசுகளையும் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றுக்கும் முன்னால் அதன் சான்றிதழ், எழுதிய பக்கம் மேலே தெரியும்படி. ஒரு மேசை விளக்கைச் சாய்த்து வைத்தார், கோடுகள் எல்லாம் தெளிவாகத் தெரிவதற்காக. பக்கத்தில் பூதக்கண்ணாடி. ஒரு அட்டையில் மூன்று மொழியிலும் எழுதியிருந்தார்: "இவை புளியும் திருநீறும் போட்டுத் துலக்கிய காசுகள். விற்பனைக்கு இல்லை. துலக்கிய காசு எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்."

முதலில் வந்தவர்கள் சிரித்தார்கள். ஒரு சீனப் பெரியவர் மட்டும் சிரிக்காமல் நெடுநேரம் குனிந்து பார்த்தார். "நான் கோல்கேட் போட்டேன். முப்பது காசு. என் பெண்டாட்டிகிட்ட இன்னும் சொல்லல" என்றார் மலாயில். ருக்னுதீன் அவருக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டார்.

பிறகு நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. வெள்ளையம்மாவின் மேசையில் பூதக்கண்ணாடியால் பார்த்தவர்கள் அடுத்த மேசைக்குப் போனார்கள். அங்கே காசைக் கையில் வாங்கி, விளக்குக்குக் கீழே சாய்த்து, "இதுவும் துலக்கினதா?" என்று கேட்டார்கள். அதற்கடுத்த மேசையிலும் கேட்டார்கள். ஒரு இளம் ஜோடி வாங்கிவிட்ட காசையே திருப்பிக் கொண்டுபோய் நின்றது. மதியத்துக்குள் மண்டபம் முழுக்க அந்தக் கேள்விதான். சில வியாபாரிகள் தாராளமாகக் காட்டினார்கள். சிலர் விளக்கை அணைத்துவிட்டார்கள்.

காளிதாஸ் வேகமாக வந்தார். தோளில் தட்டவில்லை.

"என்னா வெள்ளையம்மா இது? முதல்ல இதையெல்லாம் எடுத்து உள்ள வைங்க."

"ஏன்?"

"சந்தைக்கு வந்து சந்தையையே கெடுக்குறீங்க. ஜனங்க பயப்படுறாங்க. மேசை வாடகை குடுத்து உட்கார்ந்திருக்கிறவங்க எல்லாம் என்னைத்தான் கேக்குறாங்க."

"நான் யாரையாவது குத்தம் சொன்னேனா? எங்காசு கெட்டுப்போச்சுன்னு நானே எழுதி வச்சிருக்கேன். அடுத்தவங்களுக்கு ஏன் நோவுது?"

"செயலாளரா சொல்றேன். எடுங்க."

வெள்ளையம்மா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். "மேசையோட என்னையும் தூக்கிட்டுப் போங்க. நான் வேன் ஓட்டுறவ, கொஞ்சம் கனமாத்தான் இருப்பேன். நாலு பேரைக் கூட்டிட்டு வாங்க."

சுற்றி நின்றவர்களில் சிலர் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். அந்தப் படங்களில் ஒன்று சுற்றிச் சுற்றி லோஷினியின் போனுக்குப் போனது. அவளிடமிருந்து பிரேமலாவின் கண்ணுக்கும் போனது.

மாலை நெருங்கும் நேரம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு பிரேமலா வந்தார். பின்னால் லோஷினி பதறிக்கொண்டு வந்தாள். "அம்மா, நான் வேணாம்னுதான் சொன்னேன், அத்தைதான் கேக்கல. பொந்தியான்ல இருந்து வர்ற வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசல" என்றாள் மூச்சு வாங்க.

பிரேமலா அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தார். இரண்டு முறை படித்தார். வெள்ளையம்மா எழுந்து நின்றார். பொங்கலுக்குப் பிறகு இருவரும் பார்த்துக்கொள்வது அன்றுதான்.

"என் பேரைப் போடலையே?" என்றார் பிரேமலா.

"உங்க பேரு எதுக்கு சம்பந்தி? ஊருக்கு உங்களைக் காட்டிக் குடுக்க நான் இதை வைக்கல."

"ஏன், போட்டா என்னா? திருடினேனா, இல்ல கண்டவங்க வீட்டுல பூந்தேனா? சாமிக்கு வைக்கிற வெள்ளி சுத்தமா இருக்கணும்னு நெனைச்சேன். எங்கம்மா அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க, நான் அப்படித்தான் செஞ்சேன். பேரில்லாம போட்டா நான் என்னமோ ஒளிஞ்சுக்கிட்ட மாதிரி இருக்கு."

அவர் மேசையில் இருந்த பேனாவை எடுத்தார். அட்டையின் அடியில், கேண்டீன் பலகையில் விலை எழுதிப் பழகிய குண்டு குண்டான கையெழுத்தில், "துலக்கியது: பிரேமலா, பொந்தியான்" என்று எழுதினார். பிறகு பூதக்கண்ணாடியை எடுத்து ஆமைக்காசைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இந்தக் கோடெல்லாம் நான் போட்டதா?"

"ஆமா."

"இதுக்கு முந்தி எப்படி இருந்துச்சு?"

வெள்ளையம்மா போனில் பழைய படம் ஒன்றைத் தேடி எடுத்துக் காட்டினார். நீலமும் பொன்னும் ஏறிய ஆமை. பிரேமலா படத்தையும் காசையும் மாறி மாறிப் பார்த்தார். "அழுக்குன்னு நெனைச்சேன்" என்றார்.

அதற்குள் காளிதாஸ் மறுபடியும் வந்துவிட்டார். வந்தவர் யார் என்று தெரிந்துகொண்டு, பிரேமலாவிடம் இதமாகப் பேசினார். "அம்மா, நீங்களாவது சொல்லுங்க. குடும்ப விஷயத்தைக் கொண்டாந்து பொது இடத்துல வச்சிருக்காங்க. உங்களுக்குத்தானே அவமானம்?"

பிரேமலா பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். காளிதாஸ் சொன்ன யோசனையை வெள்ளையம்மா மகளிடம் சொல்லியிருந்தார்; லோஷினி அதை ஏற்கெனவே மாமியாரிடம் சொல்லியிருந்தாள்.

"புது மூடி போட்டு வித்துரலாம்னு சொன்னவரு நீங்கதானே?" என்றார்.

காளிதாஸ் சுற்றுமுற்றும் பார்த்தார். நின்றவர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நான் தெரியாம கெடுத்தேன் ஐயா. நீங்க தெரிஞ்சே கெடுக்கச் சொன்னீங்க. அவமானம் யாருக்குன்னு நீங்களே சொல்லுங்க."

காளிதாஸ், யாரோ கூப்பிட்டது மாதிரி பின்னால் திரும்பிப் போனார். உண்மையில் யாரும் கூப்பிடவில்லை.

லோஷினி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "சரியாயிருச்சு இல்லம்மா? இப்பவாவது அத்தைகிட்ட பரவால்லன்னு சொல்லிருங்க."

வெள்ளையம்மா பிரேமலாவைப் பார்த்தார். "எனக்கு இன்னும் கோவம் இருக்கு சம்பந்தி. ஆமையைப் பார்க்குறப்பெல்லாம் வரும். பொய் சொல்ல மாட்டேன்."

"வரட்டும்" என்றார் பிரேமலா. "அதைக் கேக்கத்தான் வந்தேன். பொங்கலன்னைக்கு நீங்க பேசாம உட்கார்ந்திருந்தீங்களே, அதைத்தான் என்னால தாங்க முடியல. அதுக்குப் பதிலா நாலு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"இப்பக் கேக்கவா?"

"கேளுங்க."

வெள்ளையம்மா வாயைத் திறந்தார். சிரிப்பு வந்தது. அவருக்கே அது பிடிக்காமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ருக்னுதீன் தன் கடையில் இருந்து நாசி கண்டார் பொட்டலங்கள் வரவழைத்திருந்தார். சம்பந்திகள் இருவரும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கை கழுவிவிட்டு வந்து பிரேமலா, காசு பார்க்க வருகிறவர்களுக்குத் தானே விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். "புளி மட்டும் போட்டிருந்தா இவ்வளவு கெட்டிருக்காது. திருநீறுதான் கீறிருச்சு, பாருங்க" என்று கேண்டீனில் பிள்ளைகளை அதட்டுகிற அதே குரலில் சொன்னார். கண்காட்சி முடிந்து விளக்கு அணையும்வரை இருவரும் எழுந்திருக்கவில்லை.

சங்கம் சும்மா இருக்கவில்லை. அடுத்த மாதக் கூட்டத்தில், சங்கத்தின் நற்பெயருக்குக் களங்கம் விளைவித்ததாக வெள்ளையம்மாவை உறுப்பினர் பட்டியலில் இருந்து நீக்கி வைத்தார்கள். எதிர்த்துக் கை தூக்கியவர்கள் ருக்னுதீனும் அந்தச் சீனப் பெரியவரும்தான். வெள்ளையம்மா கூட்டத்திலேயே எழுந்து, "ரொம்ப நல்லது" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். வந்த கையோடு ஒரு புதுக் காசுக்குச் சொல்லிவைத்தார். மழைக்காட்டு இருவாட்சிப் பறவை ஒன்று சிறகு விரித்திருக்கும் காசு, முந்நூறுதான் அடிக்கிறார்கள்.

ஆனால் சங்கம் நினைத்தது நடக்கவில்லை. கண்காட்சியில் எடுத்த படங்கள் ஊர் ஊராகப் போயிருந்தன. கெலாங் பாத்தாவில் இருந்தும் மூவாரில் இருந்தும் முகம் தெரியாதவர்கள் வெள்ளையம்மாவின் போனுக்குக் காசுப் படங்களை அனுப்பினார்கள். "அக்கா, இது துலக்கினதா?" படத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று அவர் பதில் போடுவார். "நேர்ல போய் லைட்டைச் சாய்ச்சுப் பாருங்க. காட்ட மாட்டேன்னா வாங்காதீங்க." அடுத்த கண்காட்சிக்கு மேசை எடுக்க வியாபாரிகள் சங்கத்துக்கு வந்தபோது, சிலர் தாங்களாகவே விளக்கும் பூதக்கண்ணாடியும் வைப்பதாகச் சொன்னார்கள். வைக்காவிட்டால் ஆட்கள் நிற்பதில்லையாம்.

மே மாதம் ஒரு சனிக்கிழமை காலை காளிதாஸ் உலு திராமுக்கு வந்தார். வெள்ளையம்மா வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். கால்சட்டையை முழங்கால்வரை மடித்து, கையில் தண்ணீர்க் குழாய்.

"நடந்தது நடந்துபோச்சு வெள்ளையம்மா. எல்லாரும் உங்களைத்தான் கேக்குறாங்க. நீங்க திரும்பி வரணும்" என்றார். "சங்கத்துக் குரூப்பில ஒரு ரெண்டு வரி போடுங்க, போதும். கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுட்டேன், வருந்துறேன்னு. மத்ததை நான் பார்த்துக்குறேன்."

"நான் வருந்தலையே."

"சும்மா ஒரு பேச்சுக்குத்தான்."

"பேச்சுக்குக்கூட வருந்தல." வெள்ளையம்மா குழாயின் வாயை விரலால் அழுத்தி முன் சக்கரத்தில் தண்ணீரைப் பாய்ச்சினார். சேறு கரைந்து ஓடியது. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. உங்க சப்பாத்து நனையும்."

காளிதாஸ் இரண்டடி பின்னால் போனார். வெள்ளையம்மா அடுத்த சக்கரத்துக்கு வந்தார். "இன்னும் கொஞ்சம்" என்றார். காளிதாஸ் கேட்டுக்கு வெளியே போய் நின்றார். அங்கிருந்து எதையோ சொன்னார். தண்ணீர்ச் சத்தத்தில் அது கேட்கவில்லை. வெள்ளையம்மா திரும்பிக் கேட்கவும் இல்லை. அவருக்கு இன்னும் இரண்டு சக்கரங்கள் பாக்கி இருந்தன.